நான் எழுதிக் கொடுத்த நெஞ்சுவலி

நன்றாக இருந்த ஒரு மனிதருக்கு நான் நெஞ்சுவலி வரவழைத்தேன். காகிதத்தில்தான். அவர் மாதனூரிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவருடைய மகள் ஒரு மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நுழைவுத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நான் நினைத்தேன். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு அவள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததாக எழுதினேன். அவளைக் கேட்கவில்லை. அவள் எழுதியிருந்ததை அழித்துவிட்டு அவள் பெயரில் எழுதினேன். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற கட்டத்தில் அவள் சார்பில் டிக் போட்டு அனுப்பியும் வைத்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. ஏன் செய்தேன் என்று விளக்கப் போனால் மறுபடியும் பழைய வேலையில் இறங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வேலை என்ன என்று சொல்லாமல் இது புரியாது.

வேலூரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தேன். கல்லூரியில் வேலை கிடைக்காததால் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தேன். முப்பத்தாறு வருடம் அங்கேயே இருந்தேன். தோலைப் பற்றி எனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது கடிதம். கப்பலில் போன சரக்கில் குறை இருந்தால் வெளிநாட்டில் வாங்கியவர் நஷ்டஈடு கேட்டு எழுதுவார். அதற்குக் க்ளெய்ம் என்று பெயர். க்ளெய்முக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. படிக்கிறவர் மனம் இளக வேண்டும், நம் மேல் தப்பு இல்லை என்று அவரே சொல்ல வேண்டும், அடுத்த ஆர்டரும் வர வேண்டும். பாலாற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராத வருடங்களிலும் என் கடிதங்களில் வெள்ளம் வந்து சரக்கு நனைந்திருக்கிறது.

ஒரு முறை பழுப்பு நிறத்தில் கேட்ட தோல் சிவப்பாகப் போய்விட்டது. சாயம் போடும் மாஸ்டரின் தாயார் இறந்துவிட்டார், மாஸ்டர் ஊரில் இல்லாத சமயத்தில் கலவை தவறிவிட்டது என்று எழுதினேன். இத்தாலியிலிருந்து மாஸ்டர் பெயருக்குக் கறுப்பு ஓரம் போட்ட அனுதாப அட்டை வந்தது. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடமே கொடுத்துவிட்டார். ஃபாரின்காரன் தனக்கு ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று அந்த அம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாராம். அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சார், தோல்ல ஓட்டை இருக்கலாம், உங்க லெட்டர்ல ஒரு ஓட்டை இல்ல சார்” என்றார். அதைப் பாராட்டு என்றே பல வருடம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் அதே தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தாள். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்களுக்குக் கீழே நீள மேஜைகள் போட்டிருக்கும். ஒவ்வொரு தோலாக விரித்துக் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஆடு மேயும்போது முள் கீறிய கோடு, உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தரம் பிரிப்பார்கள். பிறகு வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தை விட்டுவிட்டு மீதித் தோலில் ஷூவுக்கான துண்டுகளை எடுப்பார்கள். முள் ஏன் கீறியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வட்டம் எவ்வளவு பெரியது, மீதி எவ்வளவு என்பதுதான் பேச்சு. பி.காம். முடித்துச் சேர்ந்தவள், பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளராக வந்திருந்தாள். ஒரு நாள் ஏதோ கோப்பு எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தவள் மேஜையில் கிடந்த க்ளெய்ம் கடிதத்தைப் படித்துவிட்டு, “நாங்க போடற வட்டமெல்லாம் உங்க லெட்டர்ல எங்க சார் காணாம போய்டுது?” என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேனே தவிர அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அவள் எப்போதாவது வீட்டுக்கு வருவாள். என் மனைவிக்கு அவளைப் பிடிக்கும். ஒரு முறை வந்தபோது மேலாண்மைப் படிப்புக்கு எழுதப் போவதாகச் சொன்னாள்.

“இப்ப எதுக்கும்மா? வேலை நல்லாதானே போகுது?” என்றேன்.

“போன மாசம் மீட்டிங் சார். எந்த ஊர்த் தோலை எந்த ஷூவுக்கு வாங்கினா வேஸ்ட் கம்மியாகும்னு நான் மூணு வருஷமா சொல்றேன். புதுசா ஒருத்தர் வந்து அதையே ஸ்லைடு போட்டுச் சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. அவருக்கு ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் வித்தியாசம் தெரியல. ஆனா ஸ்லைடு போடத் தெரியுது. நானும் அதைக் கத்துக்கிட்டு வர்றேன்.”

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பா ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டிருந்தார்: ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம், இடம் கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் அவர் பார்க்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அதைக் கெடுத்தேன்.

தேர்வில் மொழிப் பகுதியில் நல்ல மதிப்பெண். கணக்கில் அந்தக் கல்லூரி வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட நிறையவே கம்மி. விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு பெட்டி இருந்தது: உங்கள் விண்ணப்பத்தில் விளக்க வேண்டியது ஏதாவது இருந்தால் இங்கே எழுதலாம். கட்டாயம் இல்லை. அவள் அதில் ஒரு பத்தி எழுதியிருந்தாள்.

அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. அன்று பெரிய ஷிப்மென்ட் இருந்ததால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தொழிற்சாலைக்குள் போன் கொண்டு போகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் வியாழக்கிழமை மாலை பஸ் ஏறுவதற்கு முன் ஓடி வந்து, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள்.

“எல்லாம் முடிச்சிட்டேன் சார். கடைசிப் பத்தி மட்டும் இருக்கு, மார்க் கம்மியானதைப் பத்தி. இங்கிலீஷ் மட்டும் பாத்துட்டு நாளைக்கு அனுப்பிடுங்க.”

“இங்கிலீஷ்தானே? என்கிட்ட விடு.”

வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பத்தியை அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்தேன். அவள் எழுதியிருந்ததை இங்கே தமிழில் சொல்கிறேன்: “கணக்குப் பகுதியில் என் மதிப்பெண் குறைவு. அதற்கு வெளிக்காரணம் எதுவும் இல்லை. கல்லூரி முடித்தபின் ஏழு வருடங்களாக நான் காகிதத்தில் கணக்குப் போடவில்லை. தேர்வில் கடைசி ஒன்பது கேள்விகளுக்கு எனக்கு நேரம் போதவில்லை. அவற்றில் பாதி எனக்குத் தெரிந்தவை. என் வேலையில் ஒரு தோலிலிருந்து எத்தனை துண்டு எடுக்கலாம் என்பதைத் தினமும் நூற்றுக்கணக்கான முறை மதிப்பிடுகிறேன். அந்த மதிப்பீடுகளைப் பதிந்த ஏட்டின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். படிப்பு தொடங்கும் முன் கணக்கை முறையாகக் கற்பதற்காக ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.”

இரண்டு சிறு பிழைகள் இருந்தன. பென்சிலால் வட்டம் போட்டேன். அதோடு திருத்திவிட்டு அனுப்பியிருக்க வேண்டும்.

எனக்கு அது வாக்குமூலம் மாதிரிப் பட்டது. வெளிக்காரணம் எதுவும் இல்லை என்று எவனாவது தானாக எழுதிக் கொடுப்பானா? முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதே இல்லை. இந்தப் பெண்ணுக்கு உலகம் தெரியவில்லை, நல்லவேளை என்னிடம் கொடுத்தாள் என்று நினைத்தேன். ஓய்வு பெற்று நான்கு வருடமாக எனக்கு எழுத ஒரு கடிதம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை தினவெடுத்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு மாரடைப்பு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி, மூன்று நாள் தீவிர சிகிச்சை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்த மகள். கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

மனைவி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

“அவங்கப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்கா? போன வாரம்தானே பஜார்ல பாத்தேன். ஹாரன் அடிச்சுக் கையாட்டினாரே.”

“இது லெட்டருக்கு.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து போன் செய்தபோது, “போய்டுச்சு. கொஞ்சம் மெருகேத்திருக்கேன்” என்று மட்டும் சொன்னேன். அவள் தேங்க்ஸ் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. என் பத்தியால்தான் வந்தது என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். நேர்காணல் சென்னையில். போன அன்று சாயங்காலமே திரும்பி வந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மேடம் ரொம்ப அன்பா கேட்டாங்க சார், அப்பா இப்ப எப்படி இருக்கார்னு. இவ்ளோ நல்லவங்களா இருக்காங்களேன்னு நெனச்சேன். சூப்பரா இருக்கார் மேடம், காலைல அவர்தான் ஸ்டேஷன்ல கொண்டுவிட்டார்னு சொன்னேன். பஸ் ஓட்டறாரான்னு கேட்டாங்க. ஓட்டறார், ஒரு நாள்கூட லீவு போட்டதில்லன்னேன். பெருமையா சொன்னேன் சார்.” டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். “அப்பறம் அந்தப் பேப்பரைத் திருப்பி என் பக்கம் தள்ளினாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“இது உண்மை இல்ல, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னேன். அப்ப யார் எழுதினதுன்னு கேட்டாங்க. என் பேர்ல இருக்கு, நான் படிக்காம அனுப்பிட்டேன், என் தப்புன்னு சொன்னேன்.”

“என் பேரைச் சொல்லிருக்கலாமே.”

“சொல்லி? சார் பொய் எழுதினார், நான் யோக்கியம்னா? பாஸ்வேர்டு குடுத்தது நான்தானே.” அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. “கம்மின்னா கம்மின்னுதானே சார் எழுதினேன். அதுல இன்னா அசிங்கம்? நான் வட்டம் போட்டு வெச்ச தோல் மேல நீங்க பெயின்ட் அடிச்சு அனுப்பிட்டீங்க. கைய வெச்சுத் தடவினா தெரியாதா அவங்களுக்கு?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள்: “இத வீட்ல நான் எப்படி சார் சொல்றது? அப்பா, உங்களை ஆஸ்பத்திரில படுக்க வெச்சுதான் சீட்டு கேட்டேன்னா?”

அவள் போன பிறகு மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே, “தெரியும்னு சொன்னீங்களே” என்றாள். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அவளுக்கு இடம் இல்லை. வீட்டில் ‘கிடைக்கல’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆலங்காயத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, பெண் பார்க்க நாள் பேசுகிறார்கள் என்று மனைவி காய் வாங்கப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

கல்லூரிக்கு உண்மையை எழுதுவது என்று உட்கார்ந்தேன். முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. என் வயது, என் தனிமை, இத்தனை வருட அலுவலகப் பழக்கம், திறமையுள்ள ஒரு பெண்ணுக்கு உதவத் துடித்த மனம். மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள்.

“இதுலயும் மழை பெய்யுது பாருங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெட்டி வெட்டி நான்கு வரிக்கு வந்தேன். அந்தப் பத்தியை எழுதியது நான். விண்ணப்பித்தவருக்கு அது தெரியாது. அவருடைய தந்தைக்கு எந்த நோயும் இல்லை. அவர் எழுதிக் கொடுத்த அசல் பத்தியை இணைத்திருக்கிறேன். பென்சில் வட்டம் போட்ட அந்த அச்சுத்தாள் என் மேஜை இழுப்பறையில் அப்படியே இருந்தது. வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் அதிக நேரம் பிடித்தது அந்த நான்கு வரிதான்.

இந்த முறை அவளைக் கேட்காமல் அனுப்பவில்லை. கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “அனுப்புங்க. ஆனா அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். போன்ல இல்ல.”

கல்லூரிக்கு எழுதுவதைவிட அது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதனூர் போனேன். வீட்டுக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, பைப் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், “அட, வாங்க சார், இன்னா இவ்ளோ தூரம்?” என்று பைப்பைக் கீழே போடப் போனார். வேண்டாம், கழுவுங்கள் என்றேன். அவர் நின்று முகத்தைப் பார்த்தால் என்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவர் கழுவக் கழுவ, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

நெஞ்சுவலி என்ற சொல் வந்தபோது அவர் கை தானாகவே மார்புக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது.

“எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டார்.

“வேலூர்ல.”

“பெரிய ஆஸ்பத்திரியா?”

“பெரிய ஆஸ்பத்திரிதான்.”

“எத்தினி நாள்?”

“மூணு நாள். ஐசியூல.”

“அடேங்கப்பா. படுக்க வெச்சதுதான் வெச்சீங்க, நல்ல எடமா பாத்துதான் வெச்சிருக்கீங்க.”

அவர் மனைவி இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். சிரிக்கவில்லை. உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, கணவரைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து மூன்று முறை சுற்றினார். “இவருக்கு எதுக்குச் சுத்தணும்? எழுதின கைக்கில்ல சுத்திப் போடணும்” என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். நான் கையை நீட்டியிருப்பேன். அந்த அம்மாள் விளையாடவில்லை என்பதால் நீட்டவில்லை.

பஸ்காரர் டயர் பக்கம் குனிந்தார். வெகு நேரம் ஒரே இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

“பொண்ணுக்குப் பேச வரலன்னு நெனச்சேன் சார். நம்ம இங்கிலீஷ், நம்ம மூஞ்சி, அங்கல்லாம் அவ்ளோதான்னு நெனச்சேன். அவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.” டயரிலிருந்து தலையைத் தூக்கி, “நான் லீவே போட்டதில்லன்னா சொன்னா அங்க?” என்று கேட்டார்.

“பெருமையா சொன்னாளாம்.”

அவர் பைப்பை மூடிவிட்டு வந்து பஸ் படியில் உட்கார்ந்தார்.

“நீங்க குடுத்த அந்த ஒரு தடவையைக் கெடுத்தது நான். அவ இல்ல. இன்னொரு தடவை குடுங்க” என்றேன்.

“நீங்க கேட்டுல்லாம் குடுக்க முடியாது சார். அது எங்களுக்குள்ள பேசினது. அவ கேட்டா பாக்கலாம்.”

அவள் அதுவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் பார்க்காமலே, “கேக்கறேன்பா” என்றாள்.

“அப்ப எழுது” என்றார்.

ஆலங்காயத்துக்காரர்களை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் பொறுக்கவில்லை. கல்லூரியிலிருந்து எனக்கு இரண்டு வரிப் பதில் வந்தது: உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, விண்ணப்பதாரர் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கத் தடை இல்லை.

அந்த வருடம் முழுக்க அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமே, எழுதித் தரட்டுமா என்று கேட்டு அனுப்பினேன். “உங்க லெட்டர் வேணாம் சார்” என்று பதில் வந்தது. நியாயம்தான். செலக்‌ஷன் பிரிவின் மேலாளரிடம் வாங்கிக்கொண்டாள். பிறகு, அந்தத் தேர்வு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கப் பழைய புத்தகக் கடையில் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்து, மனைவியைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கணக்குப் பகுதியை எழுதினேன். பாதி கூடத் தாண்டவில்லை. மனைவி விடைகளைச் சரிபார்த்துவிட்டு, “உங்களுக்கு எத்தினி ஹார்ட் அட்டாக் எழுதணும்?” என்றாள். அந்தப் பெண் கணக்கில் வாங்கிய மதிப்பெண் எனக்கு அன்றைக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது. அதைக் குறை என்று நினைத்த நான், அதுவரை அந்தத் தேர்வைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது முறை எழுதியபோது அவள் மதிப்பெண் கூடியது, ஆனால் கொஞ்சம்தான். இந்தத் தடவையும் அவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழேதான் இருந்தது. அதே பெட்டியில் மறுபடியும் ஒரு பத்தி எழுதினாள். இடம் கிடைத்த பிறகு அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோதுதான் அதை நான் பார்த்தேன். இப்படித் தொடங்கியது: “என் கணக்கு மதிப்பெண் இன்னும் குறைவாகவே இருக்கிறது. போன வருடம் ஒன்பது கேள்விகளை விட்டேன்; இந்த வருடம் நான்கு.” பிறகு ஒரு வருடம் படித்த வகுப்பு, அதில் வாங்கிய மதிப்பெண், அவள் மேஜையில் வீணாகும் தோல் எவ்வளவு குறைந்தது என்ற விவரம். கடைசியில், “போன வருட விண்ணப்பத்தில் என் தந்தையைப் பற்றி இருந்தது உண்மையல்ல. அதை நான் எழுதவில்லை, ஆனால் படிக்காமல் அனுப்பக் கொடுத்தேன். இந்த விண்ணப்பத்தை நானே இரண்டு முறை படித்துவிட்டு அனுப்புகிறேன்” என்று இருந்தது. அவள் என்னை அதில் எந்த இடத்திலும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு வரி கூடியிருக்கும்.

நேர்காணலில் அதே மேடம் இருந்தார்களாம். கோப்பைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், “அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டார்களாம். “இன்னும் லீவு போடல மேடம்” என்றாளாம் இவள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் தோலைப் பற்றித்தான் பேச்சு. ஏப்ரலில் இடம் கிடைத்தது. என் நான்கு வரிக் கடிதத்துக்கு அதில் பங்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இப்போது சென்னையில் விடுதியில் இருக்கிறாள். கணக்குப் பாடத்தில் முதல் தேர்வில் வகுப்பின் நடுவில் வந்ததாக அவள் அப்பா, போகிற வழியில் பஸ்ஸை மெதுவாக்கி ஜன்னல் வழியாகவே என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் இருந்த பெண்களெல்லாம் தலையை நீட்டி யார் அது என்று பார்த்தார்கள்.

போன மாதம் அவள் ஊருக்கு வந்திருந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, மனைவி கொடுத்த காபியைக் குடித்தாள். போகும்போது கைப்பையிலிருந்து எட்டுப் பக்கம் எடுத்து என் மேஜையில் வைத்தாள். முதல் பருவத்துக்கான கட்டுரை, தோல் வாங்கும் முறையைப் பற்றி.

“இங்கிலீஷ் பாருங்க சார். தப்பு இருக்கற எடத்துல பென்சில்ல வட்டம் போடுங்க. வட்டம் மட்டும்தான்.”

“மாத்தி எழுதறது?”

“அது என் வேலை. ஞாயித்துக்கிழமை அப்பா வந்து வாங்கிப்பார்.”

மூன்று நாள் வைத்துப் படித்தேன். பதினோரு வட்டம் போட்டேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் சற்று மொட்டையாக நின்றது. அதை எப்படி முடித்தால் அழகாக இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது. பென்சிலை எடுத்து அதையும் வட்டம் போட்டுவிட்டுக் கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வாசலில் நின்றபடியே காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் போல ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஆங்கிலம் அவருக்கு வராது. வட்டங்களை மட்டும் விரலால் எண்ணினார்.

“இன்னா சார்,” என்றார், “இதுல நான் உசுரோட இருக்கேனா?”

“இதுல நீங்க வரவேயில்லை” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று காகிதத்தை உருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.